பாதம் வைத்த எழுத்து

என் தங்கச்சிக்கு நேராகப் பார்த்தால் எதுவும் தெரியாது. எதிரே நிற்கிற ஆளின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கலங்கல்தான் இருக்கும். தலையை லேசாகத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்தால் ஆளைப் பிடித்துவிடுவாள். எட்டாவது படிக்கும்போது ஆரம்பித்தது இது. மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். நடுப்பார்வை போய்விட்டது, ஓரப்பார்வை நிற்கும், கண்ணாடி போட்டும் பிரயோசனமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்த பஸ்ஸில் அம்மா ஆண்டிபட்டி வரைக்கும் அழுதாள். ஆண்டிபட்டி தாண்டியதும் முந்தானையால் மூக்கைச் சிந்தித் துடைத்துவிட்டு, "சரி விடு, ஓரக்கண்ணால பாத்தா என்ன கொறஞ்சா போயிரும்" என்றாள். அதற்குப் பிறகு அவள் அதற்காக அழுது நான் பார்த்ததில்லை.

தங்கச்சி பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டாள். போடியில் ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியில் தரம் பிரிக்கிற வேலை. மற்றவர்கள் கண்ணால் பார்த்துப் பிரிப்பதை இவள் விரலால் பிரிப்பாள், அவர்களைவிட வேகமாக. நான் தேனியில் டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், விசிட்டிங் கார்டு, காலேஜ் பிள்ளைகளின் புராஜெக்ட் என்று எதுவும் விடுவதில்லை. அப்பா நாங்கள் சிறுசாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா, தங்கச்சி, நான், என் வீட்டுக்காரர் நாலு பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் வெளியூரில் கிடப்பார் என்பதால் இந்தக் கதைக்குள்ளும் அவர் அதிகம் வரமாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பத்திரிகை ஒன்றைப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் சும்மா கேட்டாள்.

"ஊருக்கெல்லாம் அடிச்சுக் குடுக்குற. நான் வாசிக்கிற மாதிரி ஒண்ணு அடிக்க முடியாதாக்கா உன்னால?"

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் தொழில் பார்த்தவளுக்கு இது தோன்றவே இல்லையே! கம்ப்யூட்டரில் இருந்த தடித்த எழுத்துகளையெல்லாம் பெரிதாக்கி அச்செடுத்து அவள் முன்னால் பரப்பினேன். ஒன்றும் தேறவில்லை. சிலவற்றில் நிற்கிற கோடு தடியாகவும் படுத்திருக்கிற கோடு மெலிந்தும் இருந்தது. அந்த மெலிந்த கோடு அவள் கண்ணுக்குக் காணாமல் போனது. 'ட' வெறும் குச்சியாகத் தெரிந்தது. எல்லாக் கோடும் தடியாக இருந்த எழுத்துகளில் சுழியெல்லாம் மை அடைத்துக்கொண்டது. 'எண்ணெய்' என்பதில் இரண்டு கரும்பொட்டு மட்டும் தெரிகிறது என்றாள்.

அதனால் நானே வரைய உட்கார்ந்தேன். கட்டம் போட்ட தாளில் முதலில் பென்சிலால் வரைவேன். பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றி ஒவ்வொரு வளைவாக இழுப்பேன். உயிரும் மெய்யும் சேர்ந்து இருநூற்றுச் சொச்சம் எழுத்து நமக்கு. நல்லவேளை, கொம்பையும் காலையும் தனியாக வரைந்து ஒட்டவைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் நான் செத்தேன். சுழிக்குள் காற்றுப் போக வேண்டும் என்று எழுத்தை அகலமாக உட்கார வைத்தேன். வரைந்ததைத் தாளில் அடித்து அடுப்படிக் கதவில் ஒட்டுவேன். அவள் அடுப்புப் பக்கம் நின்றுகொண்டே தலையைத் திருப்பி வாசிப்பாள். ஓர் எழுத்துத் தடுக்கினாலும் நான் திரும்ப வரைய வேண்டும். தயவு தாட்சண்யம் கிடையாது அவளிடம்.

"இதுல 'ர'வும் காலும் ஒண்ணாத்தேன் இருக்கு. போ, மறுபடி போடு."

"ஏடி, இது நாலாவது தடவ."

"அஞ்சாவது தடவையும் போடு. எனக்கென்ன வந்துச்சு."

பாதம் வைக்கச் சொன்னதும் அவள்தான். கோடு எங்கே முடிகிறது என்று பிடிபடவில்லை, எழுத்து வழுக்கிக்கொண்டு போகிறது, தரையில் ஊன்றி நிற்க ஒரு பாதம் வை என்றாள். ஆங்கில எழுத்துகளில் இப்படி முனையில் சின்னதாகப் பாதம் வைப்பதுண்டு, அதற்குச் செரிஃப் என்று பெயர் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதைத் தமிழ் எழுத்துக்கு இவ்வளவு தடியாக வைக்கலாம் என்று மட்டும் தெரியாது. காலுக்குத் தட்டையாக ஒரு பாதம் வைத்தேன். 'ர'வின் வாலை இடது பக்கம் நன்றாக உதைத்துவிட்டேன். அன்றைக்கு அவள் கதவில் இருந்த தாளை ஒரு தடங்கலும் இல்லாமல் மேலிருந்து கீழ் வரை வாசித்தாள். அம்மா கையில் இருந்த கரண்டியோடு வந்து நின்று கேட்டாள். நான் எழுதியிருந்தது மளிகைச் சாமான் பட்டியல்தான், ஆனாலும் மூவருக்கும் கண் கலங்கிவிட்டது. அந்த எழுத்துருக் கோப்புக்கு 'தங்கச்சி' என்றே பெயர் வைத்துச் சேமித்தேன்.

அதற்கு அடுத்த வருஷம் அம்மா போய்விட்டாள். காலையில் குழாயில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. எங்கள் பக்கம் ஒரு சாவு விழுந்தால் மத்தியானத்துக்குள் தெருமுக்கில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை ஏறிவிட வேண்டும். எனக்குத் தொழிலில் பழக்கமான ஃப்ளெக்ஸ் கடை அண்ணன் வந்து, அம்மாவின் போட்டோவை வாங்கிக்கொண்டு, ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார்.

"என்ன எழுத்துலம்மா போட?"

அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தங்கச்சி, "எனக்குத் தெரியிற எழுத்துலயே போடச் சொல்லுக்கா" என்றாள்.

அன்றைக்கு நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரக்கூடிய நிலையில் இல்லை. பென்டிரைவில் கோப்பை ஏற்றி அவர் கையில் கொடுத்துவிட்டேன். மத்தியானம் பதாகை ஏறியது. அம்மா பெயர், தோற்றம், மறைவு, கண்ணீருடன் வாடும் எங்கள் பெயர்கள். தங்கச்சி தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று தலையைத் திருப்பித் திருப்பி எல்லாவற்றையும் தானே வாசித்தாள். யாரையும் கேட்கவில்லை. பிறகு கிட்டத்தில் போய் அம்மா பெயரைத் தொடக் கையை நீட்டினாள். விளக்குக் கம்பத்தில் உயரத்தில் கட்டியிருந்தார்கள். கையை இறக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

பத்து நாள் கழித்து ஃப்ளெக்ஸ் கடை அண்ணன் போன் பண்ணினார். பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார், அந்த வீட்டுக்காரர்கள் 'அந்தம்மாவுக்குப் போட்ட எழுத்துலயே போடுங்க, மரியாதையா நிக்கிது' என்கிறார்களாம், போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, முட்டாள். தாராளமாகப் போட்டுக்கோங்கண்ணே என்றேன். அவரிடமிருந்து சின்னமனூருக்குப் போனது, அங்கிருந்து உத்தமபாளையம், பிறகு கம்பம். இரண்டு வருஷத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் யார் செத்தாலும் என் தங்கச்சி எழுத்தில்தான் பெயர் ஏறியது. கம்பம் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது ஒவ்வொரு பதாகையாகப் பார்த்துக்கொண்டே போவேன். 'ர'வின் வால் நன்றாக வந்திருக்கிறதா என்று பார்ப்பேனே தவிர, செத்தது யார் என்றுகூடப் பார்க்கமாட்டேன். பார்க்கிற மற்றவர்களுக்கு அந்த எழுத்து என்னவாகத் தெரியும் என்று ஒரு தடவை யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை.

தங்கச்சிக்கு முப்பத்தெட்டு வயதில் ஓர் இடம் அமைந்தது. கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டக்காரர். அவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. அம்மாவும் மகனும் மட்டும்தான் வீட்டில். பெண் பார்க்க வந்த அன்று தங்கச்சி அவர் எதிரே உட்கார்ந்து முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஏன் அங்கிட்டுப் பாக்குறீக?" என்றார் அவர்.

"ஒங்களத்தேன் பாத்துக்கிட்டிருக்கேன். நேராப் பாத்தா தெரியமாட்டீக."

அவர் எழுந்து நாற்காலியை அவளுக்குப் பக்கவாட்டில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "இப்பத் தெரியிறேனா?" என்றார். நான் அடுப்படிக்குள் ஓடிப்போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஆவணியில் நிச்சயம், தை கடைசியில் கல்யாணம். மார்கழியில் பத்திரிகை கொடுக்கமாட்டோம் என்பதால் கார்த்திகைக்குள் அடித்தாக வேண்டும். தங்கச்சி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இதுவரை எத்தனையோ கல்யாணப் பத்திரிகையை அடுத்தவர் வாசித்துத்தான் கேட்டிருக்கிறாள். தன் பத்திரிகையைத் தானே வாசிக்க வேண்டும். இதற்குத்தானே எழுத்தே வரைந்தேன்! மாதிரிக்கு ஓர் அட்டை அடித்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நானே கம்பத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

மாப்பிள்ளையின் அம்மா அட்டையை ஆசையாக வாங்கிப் பிரித்தார். பிரித்த கை அப்படியே நின்றுவிட்டது.

"ஆத்தா... இது சாவு எழுத்துல்ல?"

எனக்குப் புரியவில்லை. என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய்த் தெருமுக்கைக் காட்டினார். அங்கே ஒரு கண்ணீர் அஞ்சலிப் பதாகை வெயிலில் நிறம் மங்கித் தொங்கியது. அவருடைய தம்பி, போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை.

"தெனமும் பால் வாங்கப் போறப்ப அதப் பாத்துட்டுத்தேன் போறேன். அதே எழுத்து. இத நான் எப்பிடித்தா நாலு வீட்டுல கொண்டு போயி நீட்டுவேன்?"

நியாயமான பேச்சு. ஆனால் எனக்கு மூக்குக்கு மேலே கோபம். "எழுத்து என்ன பாவம் பண்ணுச்சு அத்தே? இது என் தங்கச்சிக்குன்னு நான் போட்ட எழுத்து. ஒங்க தம்பிக்குத்தேன் அது எரவல் போயிருக்கு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அட்டையை மடித்துத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மாப்பிள்ளைதான் பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தார். அட்டை அவர் கையில் இருந்தது.

"அவுகளுக்கு இந்த எழுத்து மட்டுந்தேன் தெரியுமா மதினி?"

"இது மட்டுந்தேன்."

"அப்ப இத நான் வச்சுக்கிறேன்" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பஸ் வந்ததும் நான் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைத் தங்கச்சியிடம் சொன்னேன். என் வாய் செய்த காரியத்தையும் மறைக்கவில்லை. நாலு திட்டுத் திட்டுவாள் என்று பார்த்தேன். "எழுத்த மாத்திப் போடுக்கா" என்றாள். "தம்பியப் பறிகுடுத்தவுக. அவுகளப் போயி அப்பிடிப் பேசிட்டு வந்திருக்க."

"ஊருக்கு வேற எழுத்துல அடிச்சுர்றேன். ஒனக்கு மட்டும் தனியா ஒண்ணு நம்ம எழுத்துல..."

முடிக்கவிடவில்லை. அவளுக்கும் என் ரத்தம்தானே ஓடுகிறது.

"எனக்கு மட்டும் தனியா ஒண்ணு! பள்ளிக்கூடத்துல எனக்கு மட்டும் தனி பெஞ்சு, பரிச்சையில எனக்கு மட்டும் தனி ரூம்பு. என் கல்யாணத்துக்குமா? ஊரு வாசிக்கிறத நானும் வாசிக்கணும். இல்லாட்டி வேண்டாம், எப்பவும் போல நீயே வாசிச்சுச் சொல்லு."

பத்திரிகையை வேறு எழுத்தில் கோத்தேன். கொடி கொடியாக வளைந்து போகும் மெல்லிய எழுத்து, கடையில் எல்லாரும் விரும்பிக் கேட்பது. கோத்து முடித்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நல்லாருக்குக்கா" என்றாள். அந்த 'நல்லாருக்கு' என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இந்த எழுத்தைச் சாவுக்குத் தாரை வார்த்தது வேறு யாருமில்லை, நான்தான். யாரிடம் போய்ச் சண்டை போட?

இதற்கு நடுவில் மாப்பிள்ளை போன் பண்ணினார். திராட்சைப் பெட்டிக்குப் பெயர் அடிக்க வேண்டுமாம், அவருடைய அப்பா பெயரில் தோட்டம், அந்தப் பெயர் பெட்டியின் நாலு பக்கமும் வர வேண்டும், தங்கச்சி எழுத்தில்தான் வேண்டும், பச்சை மையில். எனக்குத் தயக்கம்.

"அத்தே என்ன சொல்லுவாகளோ?"

"பெட்டிக்கு எங்க ஆத்தாட்ட கேக்கணுமா மதினி? நீங்க போட்டு அனுப்புங்க."

அனுப்பினேன். புரட்டாசி போனது, ஐப்பசி போனது. கார்த்திகை பாதியில், கொடி எழுத்துப் பத்திரிகையை அச்சுக்கு அனுப்ப வேண்டிய நாள் வந்தது. கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டேன், வாசலில் மாப்பிள்ளையின் அம்மா நிற்கிறார். கம்பத்திலிருந்து காலை முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். இடுப்பில் ஒரு திராட்சைப் பெட்டி. நான் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் பெட்டியை என் மேசைமேல் வைத்தார்.

"பத்திரிகைய அடிச்சுட்டியா?"

"இல்ல அத்தே, இன்னைக்குத்தேன்."

"அடிக்காத. இந்த எழுத்துல போடு" என்று பெட்டியைத் தட்டினார்.

பெட்டியில் இருந்த பச்சை எழுத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அவரே சொன்னார்.

"பெட்டி மடக்கிக்கிட்டிருக்கேன். கண்ணாடிய எங்க வச்சேன்னு தெரியல. அங்கன பெட்டியில எங்க வீட்டுக்காரக பேரு. கண்ணாடி இல்லாம வாசிச்சுட்டேன்த்தா. நம்பாம இன்னொரு பெட்டிய எடுத்து வாசிச்சேன். அப்பறந்தேன் நெனப்பு வந்துச்சு. என் தம்பி பேரையும் அன்னைக்கு நான் கண்ணாடி இல்லாமத்தேன் வாசிச்சிருக்கேன். அழுத அழுகையில கண்ணாடி எங்க கெடந்துச்சோ. வேற எழுத்துல போட்டிருந்தா, என்ன போட்டிருக்குன்னு ரோட்டுல போறவன நிறுத்திக் கேட்டிருக்கணும், எங்கூடப் பெறந்தவன் பேர."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். நான் தண்ணீர் கொடுத்தேன்.

"அந்தப் புள்ள ஆயுசு பூரா அப்பிடித்தேன் கேட்டுக்கிட்டிருந்திருக்கு, இல்ல?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அன்னைக்கு நான் வாய விட்டுட்டேன் அத்தே. என்னய மன்னிச்சுருங்க" என்றேன்.

"விட்ட. நல்லாத்தேன் விட்ட. தங்கச்சிக்காகத்தான விட்ட, போ." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கறாராகச் சொன்னார்: "ஆனா கருப்பு மை ஆகாது. மஞ்ச அட்டையில அரக்குக் கலர்ல போடு. சொந்தக்காரவுக எவளாச்சும் சாவு எழுத்துன்னு வாயத் தொறந்தா எங்கிட்ட அனுப்பு, நான் பேசிக்கிறேன்."

கொண்டு வந்த திராட்சையைக் கழுவக்கூட விடாமல் என்னை உட்கார வைத்து அடிக்கச் சொன்னார். முதல் அட்டை வெளியே வந்ததும் வாங்கிக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து வாசித்துப் பார்த்தார். தன் பெயர், கணவர் பெயர், மகன் பெயர். சரியாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். இருந்து சாப்பிட்டுப் போங்க என்று கெஞ்சினேன், தோட்டத்தில் ஆள் நிற்கிறது என்று கேட்கவில்லை.

சாயங்காலம் தங்கச்சி போடி பஸ்ஸில் வந்து இறங்கினாள். விரலெல்லாம் ஏலக்காய் வாசம். நான் ஒன்றும் சொல்லாமல் அட்டையைக் கையில் கொடுத்தேன். பழக்கத்தில் என்னிடமே திருப்பி நீட்டினாள், வாசித்துச் சொல் என்று. நான் வாங்கவில்லை. அவள் அட்டையைக் காதுப் பக்கமாகத் தூக்கித் தலையைத் திருப்பினாள். உதடு அசைந்தது. கல்யாண நாள், முகூர்த்த நேரம், மண்டபம். அவர் பெயர் வந்ததும் சிரித்தாள். தன் பெயரை இரண்டு தடவை வாசித்தாள்.

"ஊருக்கும் இதானா?" என்றாள்.

"ஊருக்கும் இதேதேன். ஒன் மாமியாவே வந்து அடிக்கச் சொல்லிட்டுப் போறாக."

அவள் விரல் கீழே இறங்கி ஒரு வரியில் நின்றுவிட்டது. அம்மா பெயர் இருந்த வரி. தடவினாள். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, ஒவ்வொரு பாதமாக. அச்சில் மேடு பள்ளம் கிடையாது, வழவழப்பான அட்டைதான். இருந்தாலும் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அன்னைக்கு எட்டலக்கா" என்றாள்.